நம் சாம்பியன்மீது ஊக்கமருந்துப் புகார் வந்தால் மனம் என்ன செய்கிறது?

2012 ஆகஸ்ட் 23 அன்று லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓர் அறிக்கை வெளியிட்டார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற அமெரிக்கர் அவர். தன்மீது ஊக்கமருந்துக் குற்றம் சுமத்திய அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமையை எதிர்த்து இனி வாதாடப் போவதில்லை, இது தன்னைக் குறிவைத்து நடக்கும் வேட்டை என்று அதில் சொல்லியிருந்தார். மறுநாளே அந்த முகமை அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. 1998 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் பெற்ற எல்லா வெற்றிகளையும் பறித்தது. அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அவர் தொடங்கிய புற்றுநோய் அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை பல மடங்கு கூடியது.

குற்றச்சாட்டு வந்தால் ஆதரவு குறையும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே ஆதரவு பொங்கி வந்தது. இது அமெரிக்கர்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. எந்த ஊரிலும், எந்த விளையாட்டிலும், ஒருவரை மனதார ரசித்தவர்களுக்கு நடப்பதுதான். ஏன் அப்படி நடக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் எளிமையாகப் பார்க்கலாம். உளவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சைக்கிள் பந்தயமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆதாரங்களைப் பார்த்துவிட்டு அதன்பின் முடிவுக்கு வருகிறோம் என்றுதான் நாம் நம்மைப் பற்றி நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் நடப்பது தலைகீழ். என்ன முடிவு வேண்டும் என்பதை மனம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. அறிவு அதற்கான காரணங்களைத் தேடிக் கொண்டுவருகிறது. விருப்பம் வழிநடத்தும் சிந்தனை என்று இதைச் சொல்லலாம். தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்து விளக்கினார். நாம் நம்ப விரும்பும் செய்தி வந்தால், ‘இதை நம்பலாமா?’ என்று கேட்கிறோம். அதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் கிடைத்தால் போதும். நம்ப விரும்பாத செய்தி வந்தால், ‘இதை நம்பித்தான் ஆகணுமா?’ என்று கேட்கிறோம். அதற்கு ஒரே ஒரு ஓட்டை கிடைத்தால் போதும். கேள்வி மாறியதை நாம் கவனிப்பதே இல்லை. இரண்டு முறையும் நேர்மையாக யோசித்ததாகவே தோன்றும்.

இதில் முக்கியமான விஷயம், அந்த ரசிகர் பொய் சொல்லவில்லை என்பது. அவர் முட்டாளும் இல்லை. சொல்லப்போனால் படித்தவர்களுக்கும் விவரம் தெரிந்தவர்களுக்கும் இது இன்னும் சுலபமாக வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தால் ஓட்டை கண்டுபிடிக்கும் திறமையும் கூடத்தானே செய்யும்?

1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த கால்பந்து ஆட்டம் ஒன்று கைகலப்பு வரை போனது. (அமெரிக்கக் கால்பந்து, முட்டி மோதி ஆடும் ஆட்டம்.) ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்ததாக டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்றுதான், கண்கள்தான் வேறு. கண்ணெதிரே ஓடும் படத்திலேயே இப்படி என்றால், ஆய்வகத்தில் யாரும் பார்க்காமல் நடந்த சோதனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, ஒரு வீரர்மேல் நமக்கு இவ்வளவு விருப்பம் எங்கிருந்து வருகிறது? 1970களில் ராபர்ட் சியால்டினி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார்கள். தங்கள் அணி வென்ற வாரத்தில் கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையை அதிகம் பேர் அணிந்து வந்தார்கள். வென்றால் “நாம் ஜெயித்தோம்” என்றும், தோற்றால் “அவர்கள் தோற்றுவிட்டார்கள்” என்றும் பேசும் போக்கும் தெரிந்தது. வெற்றியில் ‘நாம்’ வந்துவிடுகிறது. ஒருவரை ‘நாம்’ ஆக்கிக்கொண்ட பிறகு அவர்மேல் விழும் குற்றம் நம்மேலும்தான் விழுகிறது. அவர் ஏமாற்றியிருந்தால் நாம் ஏமாந்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்த இரண்டாவது வாக்கியத்தை ஏற்பதுதான் கஷ்டம்.

ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் இது விளையாட்டைத் தாண்டியும் போனது. 1996 அக்டோபரில், 25 வயதில், அவருக்கு விதைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நுரையீரலுக்கும் மூளைக்கும் அது பரவியிருந்தது. பிழைத்து வந்து 1999இல் உலகின் மிகக் கடினமான சைக்கிள் பந்தயத்தை வென்றார். 2004இல் நைக்கி நிறுவனமும் அவருடைய அறக்கட்டளையும் ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கிய மஞ்சள் நிற ரப்பர் வளையம் காலப்போக்கில் 8 கோடிக்கும் மேல் விற்றது. கீமோதெரபி ஏற்றிக்கொண்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதைக் கையில் மாட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘அந்த வெற்றிகள் ஊசியில் வந்தவை’ என்று சொன்னால் அவர் காதில் விழுவது வேறு செய்தி. நோயாளியின் நம்பிக்கையிலேயே கை வைக்கிறீர்கள். அந்த ரசிகர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இனி, அவர்கள்முன் ஆதாரங்கள் வந்த வரிசையைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை இருந்தது.

1998 டூர் பந்தயம் தொடங்கச் சில நாட்களுக்கு முன் ஃபெஸ்டினா என்ற சைக்கிள் அணியின் உதவியாளர் ஒருவர் கார் நிறைய ஊக்கமருந்துகளுடன் பிரான்ஸ் எல்லையில் பிடிபட்டார். அந்த அசிங்கத்திலிருந்து மீண்டு வரும் பந்தயம் என்றுதான் 1999 பந்தயத்தை அறிமுகப்படுத்தினார்கள். மருந்து குறைந்தால் வேகமும் குறைய வேண்டும். ஆனால் வென்றவரின் சராசரி வேகம் வரலாற்றில் முதல்முறையாக மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியது. அதே பந்தயத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற வீக்கம் தணிக்கும் மருந்தின் தடயம் கிடைத்தது. சைக்கிள் இருக்கையில் உரசி வந்த புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று மருத்துவச் சீட்டு காட்டப்பட்டது. சர்வதேச சைக்கிள் சங்கம் ஏற்றுக்கொண்டது. ‘சங்கமே ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம் என்ன?’ இதுதான் முதல் ஓட்டை.

அந்தச் சீட்டு முன்தேதியிட்டு எழுதப்பட்டது என்று 2004இல் வெளியே சொன்னவர் எம்மா ஓ’ரெய்லி. அயர்லாந்துக்காரர், அணியில் மசாஜ் செய்பவராக வேலை பார்த்தவர். ‘வேலையை விட்டுப் போனவர், ஏதோ காழ்ப்பு’ என்று அதையும் ஒதுக்க முடிந்தது. 2005 ஆகஸ்டில் பிரெஞ்சு விளையாட்டு நாளிதழான லெகிப், சேமித்து வைக்கப்பட்ட 1999ஆம் ஆண்டு மாதிரிகளை மறுபடி சோதித்ததில் ஆம்ஸ்ட்ராங்குடைய ஆறு மாதிரிகளில் இபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததாக எழுதியது. ‘பிரெஞ்சுக்காரர்களுக்குப் பொறாமை’ என்றார்கள். அது ஆராய்ச்சிக்காக நடந்த சோதனை, முறைப்படியான ஊக்கமருந்து சோதனை இல்லை என்ற வாதமும் இருந்தது. அந்த வாதத்தில் உண்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் முன்னாள் அணித்தோழர் ஃபிளாய்டு லாண்டிஸ் எல்லாவற்றையும் சொன்னார். அவரே ஊக்கமருந்தில் பிடிபட்டு 2006 டூர் பட்டத்தை இழந்தவர். ‘பொய்யன் பேச்சை யார் கேட்பது?’

ஒவ்வொரு மறுப்பையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். சிக்கல் என்னவென்றால், மனம் ஆதாரங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மசாஜ் செய்பவரும் ஆய்வகமும் அணித்தோழரும் ஒரே விஷயத்தைச் சொல்வதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்ற கேள்வி எழுவதற்கு இடமே கிடைப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ரசிகர்கள் கையில் ஒரு பெரிய கேடயம் இருந்தது. நூற்றுக்கணக்கான சோதனைகள், ஒன்றில்கூட அவர் சிக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங்கே இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊக்கமருந்துச் செய்திகளைப் படிக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வாதத்தின் பலவீனத்தைத்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இபிஓ என்பது எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனின் சுருக்கப் பெயர். நம் சிறுநீரகமே அதைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் கட்டளை அது. சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும், மலையேறும்போது களைப்பு தள்ளிப்போகும். சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 1980களின் இறுதியில் செயற்கை இபிஓ சந்தைக்கு வந்தது. சிறுநீரில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையோ 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. அதாவது 1999 பந்தயத்தில் ஒருவர் இபிஓ போட்டுக்கொண்டு எத்தனை முறை சிறுநீர் கொடுத்தாலும் அவர் சிக்கப்போவதில்லை. இல்லாத சோதனையில் யாரும் தோற்க முடியாதே.

சோதனை வந்த பிறகு முறையை மாற்றிக்கொண்டார்கள். சிறு அளவு மருந்தை நேராக நரம்பில் ஏற்றிக்கொண்டால் சில மணி நேரத்தில் தடயம் மறைந்துவிடும். இரவில் ஏற்றிக்கொண்டால் காலையில் கவலையில்லை. இன்னொரு வழி, தன் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்துப் பையில் சேமித்து, பந்தயத்தின் நடுவே திரும்ப ஏற்றிக்கொள்வது. சொந்த இரத்தம் என்பதால் அதை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் சோதனை அப்போது கிடையாது. இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1997 முதல் வரம்பு வைத்திருந்தார்கள். அதற்கும் வழி இருந்தது. 1998 உலகச் சாம்பியன்ஷிப் போட்டியின்போது சோதனை அதிகாரி வந்துவிட, அணி மருத்துவர் மழைக்கோட்டுக்குள் உப்புநீர்ப் பையை மறைத்து அவரைக் கடந்து கொண்டுபோய் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றினார் என்று அமெரிக்க முகமையின் அறிக்கை சொல்கிறது. உப்புநீர் ஏறினால் இரத்தம் நீர்த்துவிடும், சதவீதம் இறங்கிவிடும்.

அதனால் சோதனையில் சிக்காதவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான வீரர்கள் சிக்காததற்குக் காரணம் அவர்கள் எதுவும் எடுக்காததுதான். சோதனையில் தேறியதை வைத்து மட்டும் எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டியில் ஆம்ஸ்ட்ராங் ஒப்புக்கொண்டார். ஏழு வெற்றிகளிலும் ஊக்கமருந்து இருந்தது. அதோடு எல்லா ரசிகர்களும் மாறிவிட்டார்களா? பலர் மாறினார்கள். இன்னும் பலர் வாதத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். “அவர் எடுக்கவே இல்லை” என்றவர்கள் “எல்லோரும்தானே எடுத்தார்கள்?” என்றார்கள். தன் நம்பிக்கையும் கண்முன் உள்ள உண்மையும் மோதும்போது மனம் படும் அவஸ்தையை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1950களிலேயே விளக்கியிருக்கிறார். நம்பிக்கையைக் கைவிடுவதைவிட அதற்கு ஒரு புதுக் காரணம் சேர்ப்பது வலி குறைவான வழி.

‘எல்லோரும் எடுத்தால் போட்டி சமம்தானே’ என்பது கேட்க நியாயம்போல் இருக்கும். அது உண்மை இல்லை. ஒருவருக்கு இயல்பாகவே சிவப்பணு 48 சதவீதம் என்று வையுங்கள். 50 என்ற வரம்புக்குள் மருந்து அவருக்குத் தருவது இரண்டு புள்ளிகள். இயல்பாக 41 உள்ளவருக்கு ஒன்பது புள்ளிகள். பிறவியிலேயே நல்ல உடல்வாகு பெற்றவரைவிட மருந்துக்கு நன்றாக இசையும் உடல் கொண்டவர் முந்திவிடுகிறார். நல்ல மருத்துவரும் நிறையப் பணமும் உள்ள அணி இன்னும் முந்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் எடுக்கவில்லை.

கிறிஸ்டோஃப் பாஸோன் எடுக்கவில்லை. மருந்தில் மூழ்கியிருந்த அதே ஃபெஸ்டினா அணியில் இருந்தபோதே மறுத்தவர் அவர். 1999 டூர் பந்தயத்தில் ஓடிக்கொண்டே ஒரு பிரெஞ்சு நாளிதழுக்கும் எழுதினார், இந்த வேகம் சந்தேகத்துக்கு உரியது என்று. பந்தயத்தின் நடுவில் ஆம்ஸ்ட்ராங் அவர் அருகே வந்து, நீ பேசுவது விளையாட்டுக்குக் கெடுதல், வீட்டுக்குப் போ என்றார். சக வீரர்கள் பெரும்பாலோர் பாஸோன் பக்கம் நிற்கவில்லை. சில நாட்களில் அவர் பந்தயத்தைவிட்டு விலகினார். ஊக்கமருந்துக்குப் பேர்போன மருத்துவர் மிக்கேலே ஃபெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்ன இத்தாலிய வீரர் பிலிப்போ சிமியோனியை 2004 டூரில் ஆம்ஸ்ட்ராங்கே துரத்திப் பிடித்து முன்செல்ல விடாமல் தடுத்தார். எம்மா ஓ’ரெய்லியை வழக்குக்கு இழுத்தார், அவருடைய நடத்தையைப் பற்றி அசிங்கமாகப் பேசினார். ஓ’ரெய்லியின் பேட்டி அடங்கிய புத்தகத்தைப் பற்றி எழுதிய பிரிட்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை சமரசத்துக்காகச் சுமார் 3 லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டிவந்தது. 2012க்குப் பிறகுதான் அது வழக்குப் போட்டு ஈடு பெற்றது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். ரசிகர் தன் மனத்துக்குள் நம்பாமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் நம்பத் தயாராக இல்லை என்ற தைரியத்தில்தான் ஒரு சாம்பியன் உண்மை சொன்னவரைப் பொய்யர் என்று மிரட்ட முடிகிறது. பாஸோன் பக்கமும் ஓ’ரெய்லி பக்கமும் பெரிய ரசிகர் கூட்டம் இல்லை. நாம் கை தட்டிய ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் அவர்கள்மேல்தான் இறங்கியது.

பணமாகவே நஷ்டப்பட்ட ரசிகர்களும் உண்டு. 2006இல் பிடிபட்டபோது தான் நிரபராதி என்று சாதித்த லாண்டிஸ், வழக்குச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதி திரட்டினார். நம்பிக் கொடுத்தார்கள். அவர் பின்னால் உண்மையை ஒப்புக்கொண்டபோது அரசு அதை மோசடியாகக் கருதியது. சுமார் 4,78,000 டாலரைக் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தருவதாக 2012இல் அவர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஏமாந்தவர்கள் அடுத்த முறை எச்சரிக்கையாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு விதமான கொடுமை. ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகு வந்த பெரிய சாம்பியன் பிரிட்டனின் கிறிஸ் ஃபுரூம். 2015 டூரில் சாலையோரம் நின்ற ஒருவர் அவர்மேல் சிறுநீரை வீசி, மருந்துக்காரன் என்று கத்தினார். அப்போது அவர்மேல் எந்த ஊக்கமருந்து வழக்கும் இல்லை. 2017இல் ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் அனுமதித்த அளவுக்குமேல் அவர் மாதிரியில் இருந்தது. அவர்மேல் தவறில்லை என்று 2018 ஜூலையில் வழக்கு முடிக்கப்பட்டது. அதே மாதம் டூர் பந்தயத்தின் ஆல்ப் துயேஸ் மலையேற்றத்தில் அவரை ஒரு பார்வையாளர் தட்டித் தள்ளினார். யாரையும் நம்பமாட்டேன் என்பதும் விருப்பம் வழிநடத்தும் சிந்தனைதான். இங்கே விருப்பம், இன்னொரு முறை ஏமாந்துவிடக் கூடாது என்பது.

நமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சி மாவட்டத்து கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஏழ்மையிலிருந்து ஓடி வந்தவர். அவருடைய மாதிரியில் ஸ்டீராய்டு இருந்ததாகச் செய்தி வந்தபோது, ‘யாரோ இந்தப் பெண்ணை மாட்டிவிட்டுட்டாங்க’ என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆதாரம் என்னவென்று ஒரு வரிகூட அப்போது நான் படித்திருக்கவில்லை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னார். 2020இல் நான்கு ஆண்டுத் தடை வந்தது, பதக்கமும் போனது. அமெரிக்கர்கள் ஆம்ஸ்ட்ராங்கை எப்படி அப்படி நம்பினார்கள் என்று கேட்பவர்கள், இந்தச் செய்தியை முதலில் கேட்டபோது தங்கள் மனம் எந்தப் பக்கம் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் புகார்ச் செய்தி வரும்போது எதைப் பார்ப்பது? முதலில், அது எந்த வகைப் புகார் என்று பாருங்கள். ‘இவ்வளவு வேகம் சாத்தியமா’ என்பது வெறும் சந்தேகம். ஆய்வகம் ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறது என்பது வேறு. கூட இருந்தவர்கள் சத்தியப்பிரமாணத்தோடு சாட்சி சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. ஒவ்வொன்றின் எடையும் தனி. ஆய்வக முடிவு என்றால், வீரரின் மாதிரி ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு குப்பிகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ‘ஏ’யில் கிடைத்ததை ‘பி’யிலும் சோதித்துப் பார்க்கச் சொல்ல வீரருக்கு உரிமை உண்டு. அடுத்து, உடலில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்து விதியின் அடிப்படை. எப்படி உள்ளே போனது என்பது தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதனால் ‘மாதிரியில் இருந்தது’ என்பதும் ‘வேண்டுமென்றே ஏமாற்றினார்’ என்பதும் ஒன்றில்லை.

இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் விஷயம் இதற்கு நல்ல உதாரணம். 2024 மார்ச்சில் அவர் மாதிரியில் க்ளோஸ்டெபோல் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு மிக மிகச் சிறிய அளவில் இருந்தது. தன் விரல் காயத்துக்கு ஸ்பிரே போட்ட உதவியாளர் வெறுங்கையால் மசாஜ் செய்ததால் வந்தது என்ற விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்றது. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் தன் குழுவின் கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பு என்று மேல்முறையீடு செய்தது. 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையோடு சமரசம் ஆனது. விதியை அறிந்து படித்தால் இது புரியும். அறியாமல் படித்தால் அவருடைய ரசிகருக்கு அநியாயமாகவும் எதிர்த்தரப்பு ரசிகருக்குச் சலுகையாகவும் தெரியும்.

இப்படிப்பட்ட தீர்ப்புகளை முழுமையாகவே படிக்க முடியும், பல வழக்குகளில் வெளியிடுகிறார்கள். ஆம்ஸ்ட்ராங் வழக்கில் அமெரிக்க முகமை 2012 அக்டோபரில் ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட ஆதாரங்களை வெளியிட்டது. 26 பேரின் சாட்சியம் அதில் இருக்கிறது, அவர்களில் 11 பேர் முன்னாள் அணித்தோழர்கள். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் ஜார்ஜ் ஹின்கேப்பியின் வாக்குமூலத்தை மட்டுமாவது படியுங்கள். ஏழு டூர் வெற்றிகளிலும் ஆம்ஸ்ட்ராங்குடன் ஓடிய ஒரே அணித்தோழர், அவருடைய நெருங்கிய நண்பர். காழ்ப்பு, பொறாமை, பணத்தாசை என்று ரசிகர்கள் அதுவரை சொல்லிவந்த எந்தக் காரணமும் அவருக்குப் பொருந்தவில்லை.